வானிலைச் செய்மதிகளின் அலைவரிசைப் பங்கீடு: விண்ணிலும் ஒரு வாய்க்கால் முறை

சிற்றலை வானொலியில் இரவுச் செய்தி கேட்டுப் பழகிய தலைமுறையினர் ஓர் அனுபவத்தை மறந்திருக்கமாட்டார்கள். யுத்த காலத்தில், மின்சாரமற்ற வீடுகளில், பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டியைக் காதருகே வைத்துக்கொண்டு செய்திக்காகக் காத்திருக்கும் வேளையில், தமிழ் அறிவிப்பாளரின் குரலின் மேல் வேறொரு நாட்டின் வேற்றுமொழி நிலையம் வந்து ஏறிக்கொள்ளும். இரண்டு குரல்களும் உரத்து ஒலிக்கும். ஆனால் ஒன்றேனும் விளங்காது. அவ்விரு நிலையங்களில் எதுவும் பழுதடைந்திருக்கவில்லை. இரண்டும் தத்தம் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தன. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒரே காதை வந்தடைந்தமையே கோளாறாகும்.

இதே கோளாறு விண்ணில் சுழலும் செய்மதிகளுக்கும் நேர்கின்றது. மேகங்களின் படத்தைப் பூமிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வானிலைச் செய்மதி ஒன்றின் அருகே, அதே அலைவரிசையில் பேசும் இன்னொரு வானிலைச் செய்மதி வந்துவிட்டால், கீழே காத்திருக்கும் நிலையத்திற்கு இரண்டு படங்கள் கிடைப்பதில்லை. இரண்டும் கலந்த சிதைவொன்றே கிடைக்கின்றது. ரொக்கெட் வெடித்தால் அது முதற்பக்கச் செய்தியாகின்றது. இரண்டு செய்மதிகளின் குரல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் அது எங்கும் செய்தியாவதில்லை. ஆயினும் அந்த மோதலைத் தவிர்ப்பதற்கென அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடுகள் கூடிப் பேசி ஓர் ஒழுங்குமுறையை வளர்த்து வந்துள்ளன. அந்த ஒழுங்குமுறை எவ்வாறு இயங்குகின்றது, இன்று அதற்கு எத்திசையிலிருந்து நெருக்கடி வருகின்றது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது நமக்கு எட்டாத விவகாரம் என்று எண்ணிவிடலாகாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியைக் கிழக்கு மாகாணத்து முதியவர்கள் இன்றும் நினைவுகூருகின்றனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நாட்டை உலுக்கிய ‘டித்வா’ சூறாவளியும் அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவுகளும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. இலங்கைக்குச் சொந்தமான வானிலைச் செய்மதி எதுவும் இல்லை. வங்காள விரிகுடாவில் உருவாகும் ஒரு தாழமுக்கத்தை நாம் பிறநாடுகளின் கண்களால்தான் பார்க்கின்றோம். அந்தக் கண்கள் காண்பது நம்மை வந்தடைவதற்கு அலைவரிசை ஒன்றே வழியாகும்.

வயலும் வாய்க்காலும்

அலைவரிசைப் பங்கீட்டை விளங்கிக்கொள்ள நெல் விளையும் பிரதேசத்து வாசகர்களுக்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. குளத்துநீர் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் வயலுக்கு நீரைத் திருப்பினால், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவனுக்கு ஒரு சொட்டும் வந்து சேராது. எனவேதான் விதைப்புக்கு முன்னர் கூட்டம் கூடுகின்றது. மதகு திறக்கும் நாள் குறிக்கப்படுகின்றது. வட்டவிதானை முறை வைத்து நீர் விடுகின்றார். சிலருக்கு வேறு வாய்க்கால், சிலருக்கு வேறு நேரம். மழை குறைந்த ஆண்டில் சில வயல்கள் விதைக்கப்படாமலே விடப்படுவதும் உண்டு.

விண்ணிலும் இவ்வாறேயாகும். பௌதிக நூல்கள் மீடிறன் என்று குறிப்பிடும் அலைவரிசை, இயற்கை தந்த பொதுச்சொத்து. அதைப் பெருக்க எவராலும் இயலாது. எந்த அலைவரிசையை எந்தச் சேவைக்கு ஒதுக்குவது என்பதனைத் தீர்மானிக்கும் குளத்துக் கூட்டம் போன்றது, 1865ஆம் ஆண்டு தந்திச் சேவைக்கென ஆரம்பிக்கப்பட்டு இன்று ஐக்கிய நாடுகளின் விசேட முகவரகமாக ஜெனீவாவில் இயங்கும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமாகும். ஒரு நாடு புதிய செய்மதி ஒன்றை அனுப்ப விரும்பினால், அது பயன்படுத்தப்போகும் அலைவரிசைகளை முன்கூட்டியே அவ்வொன்றியத்தின் ஊடாகப் பிரசுரிக்கவேண்டும். இடையூறு ஏற்படக்கூடிய ஏனைய நாடுகளுடன் பேசி இணக்கம் காணவேண்டும். அதன் பின்னரே அந்த அலைவரிசை சர்வதேசப் பதிவேட்டில் இடம்பெறும். இந்த விதிகள் உடன்படிக்கைக்குரிய வலுக் கொண்டவை. ஆனால் மீறுபவரைப் பிடிக்க விண்ணில் பொலிஸார் இல்லை. இணக்கமே இதன் காவல்.

மோதல் நேர்வது எவ்வாறு?

வானிலைச் செய்மதிகள் பிரதானமாக இரு வகைப்படும். முதலாவது வகை, மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே தாமும் சுழல்வதனால் ஓரிடத்தில் நிலைத்து நிற்பன போலத் தோன்றுபவை. இந்தியாவின் இன்சாற் வரிசை, யப்பானின் ஹிமவாரி வரிசை, ஐரோப்பாவின் மீற்றியோசாற் வரிசை என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிடையே மோதலைத் தவிர்ப்பது ஓரளவு எளிது. இந்தியாவின் இன்சாற்-3டீ.ஆர். 74 பாகை கிழக்கிலும் இன்சாற்-3டீ.எஸ். 82 பாகை கிழக்கிலும் நிறுத்தப்பட்டன. கீழேயுள்ள கிண்ண அன்ரெனா ஒன்றின் பக்கம் நோக்கி நிற்குமானால் மற்றதன் குரல் அதன் காதில் அநேகமாக விழாது. திசையே இங்கு வரப்பாக அமைகின்றது. எனினும் செய்மதி இடம்பெயர்ந்தால் பேச்சுவார்த்தையும் மீளத் தொடங்கவேண்டும். ‘மீற்றியோசாற்-5’ 1998ஆம் ஆண்டு இந்து சமுத்திரத்துக்கு மேலே 63 பாகை கிழக்கிற்கு நகர்த்தப்பட்டது. இத்தகைய ஒவ்வொரு நகர்வின் போதும், புதிய அயலவர்களுடன் அலைவரிசை குறித்து இணங்கிக்கொள்ள வேண்டிய கடப்பாடு அச்செய்மதியின் உரிமையாளருக்கு உண்டு.

இரண்டாவது வகையே சிக்கலானது. இவை 800 முதல் 850 கிலோமீற்றர் வரையான உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்திற்குப் பறப்பவை. ஏறத்தாழ 100 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகின்றன. நாளொன்றுக்குப் பதினான்கு சுற்றுக்கள். ஒரு நிலையத்தின் தொடுவானத்தில் தோன்றி மறையும்வரை உள்ள நேரம் அதிகபட்சம் கால்மணி நேரமே. அந்தக் கால்மணி நேரத்துக்குள் படத்தை முழுவதாக வாங்கியாக வேண்டும்.

ஒரே சுற்றுப்பாதைத் தளத்தில் இரண்டு செய்மதிகள் செல்வதாகக் கொள்வோம். ஒன்று ஒரு சுற்றுக்கு 101 நிமிடமும் மற்றது 102 நிமிடமும் எடுக்கின்றன. வேகமானது சுற்றொன்றுக்கு ஒரு நிமிடம் வீதம் நாளொன்றுக்குப் பதினான்கு நிமிடங்கள் முந்துகின்றது. இவ்வாறு செல்லும்போது, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு ஒருமுறை அது மற்றதை எட்டிப் பிடித்துவிடும். அந்த நாட்களில் இரண்டும் ஒரே நிலையத்தின் வானத்தில் ஒன்றாகத் தோன்றும். இரண்டின் அலைவரிசையும் ஒன்றாக இருந்தால் படம் கெடும். சுற்றுப்பாதைகள் யாவும் துருவங்களை அண்மித்தே செல்வதனால், வட, தென் துருவங்களுக்கு அருகிலுள்ள நிலையங்கள் இத்தொல்லையை மேலும் அதிகமாக அனுபவிக்கின்றன.

ஒரு மெகாஹேர்ட்ஸின் கதை

இந்தப் பங்கீட்டின் வரலாற்றை 137 முதல் 138 மெகாஹேர்ட்ஸ் வரையான சிறு துண்டு தெளிவாக எடுத்துரைக்கின்றது. நாம் நாளாந்தம் கேட்கும் பண்பலை வானொலிகளுக்கு 88 முதல் 108 வரை 20 மெகாஹேர்ட்ஸ் இடமுண்டு. அதனோடு ஒப்பிட்டால் இத்துண்டு இருபதில் ஒன்று.

முதலாவது வானிலைச் செய்மதியான ‘டைரோஸ்-1’ஐ ஐக்கிய அமெரிக்கா 1960 ஏப்ரல் 1ஆம் திகதி ஏவியது. 1963 டிசம்பர் 21ஆம் திகதி ஏவப்பட்ட ‘டைரோஸ்-8’ தன்னியக்கப் படப் பரப்பல் என்னும் புதிய முறையை முதன்முதலில் கொண்டுசென்றது. செய்மதி தலைக்கு மேலே செல்லும்போதே, எவரிடமும் அனுமதி கேளாமல், எளிய அன்ரெனாவும் வாங்கும் கருவியும் உள்ள எவரும் மேகப்படத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதே இதன் சிறப்பு. வறிய நாடுகளின் வளிமண்டலவியல் நிலையங்கள், கப்பல்கள், பாடசாலைகள், பொழுதுபோக்கு வானொலியாளர்கள் என எத்தனையோ பேர் இதனால் பயனடைந்தனர்.

‘நோவா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஐக்கிய அமெரிக்கத் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகத்தின் துருவச் செய்மதிகள் நீண்டகாலமாக இப்படங்களை 137.50, 137.62 ஆகிய இரண்டு அலைவரிசைகளிலேயே அனுப்பிவந்தன. செய்மதி ஒவ்வொன்றிலும் இரு அலைவரிசைகளுக்குமான பரப்பிகள் இருந்தன. தரையிலிருந்து கட்டளை அனுப்பி எதனையும் தெரிவுசெய்யலாம். பழைய செய்மதிகள் எதிர்பார்த்த ஆயுளைக் கடந்தும் இயங்கியதால், இரண்டு அலைவரிசைக்கு மூன்று, நான்கு செய்மதிகள் என்ற நிலை தோன்றியது. ஒரே உறையில் இரண்டு வாள்கள் இருக்கமுடியாது. ஆகவே சுற்றுப்பாதைக் கணிப்பின் மூலம் மோதல் நாட்கள் முன்கூட்டியே அறியப்பட்டு, ஒன்றின் அலைவரிசையை மாற்றுவதும், அதற்கும் வழியில்லையெனில் அந்நாட்களில் ஒன்றை மௌனமாக்குவதுமே பரிகாரங்களாயின.

இதற்கிடையில் அயலில் புதிய குடியேற்றமும் வந்தது. 1992ஆம் ஆண்டு ஸ்பெயினின் டொரேமொலினோஸ் நகரில் கூடிய உலக மாநாடு, இதே துண்டில் நடமாடும் செய்மதித் தொடர்புச் சேவைக்கும் இடமளித்தது. கொள்கலன்களையும் லொறிகளையும் பின்தொடரும் சிறிய வர்த்தகச் செய்திகளை அனுப்பும் செய்மதிகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு நடுப்பகுதியை விட்டுக்கொடுத்து, வானிலைச் செய்மதிகள் இரு ஓரங்களுக்கும் நகர்வதென முடிவாகியது. 2005இல் ஏவப்பட்ட நோவா-18உம் 2009இல் ஏவப்பட்ட நோவா-19உம் 137.10, 137.9125 என்ற ஓர அலைவரிசைகளைப் பயன்படுத்தியதன் பின்னணி இதுவே. பழைய செய்மதிகள் நடுப்பகுதியில் இயங்கும்வரை, ஐக்கிய அமெரிக்க விதிகள் வர்த்தகச் செய்மதிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தன. நோவா செய்மதி ஒன்று படம் அனுப்பும் பிரதேசத்துக்கு மேலே, அதே அலைவரிசையில் வர்த்தகச் செய்மதி வாய் திறக்கலாகாது. இரண்டின் பாதைகளையும் கணித்து, நுழையும் முன்னரே தன் குரலை அது அடக்கிக்கொள்ள வேண்டும். வட்டவிதானையின் முறைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

ஓரத்துக்கு ஒதுங்கியதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ரஷ்யாவின் மீற்றியோர்-எம் வரிசைச் செய்மதிகளும் 137.1, 137.9 ஆகிய அலைவரிசைகளையே பயன்படுத்துகின்றன. அவற்றின் இலக்கமுறைப் பரப்பல் பழைய படப் பரப்பலைவிட அகன்ற இடத்தைப் பிடிப்பது. எனவே அமெரிக்கச் செய்மதியும் ரஷ்யச் செய்மதியும் ஒரே வானத்தில் தோன்றும் வேளைகளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் நிலை இருந்தது. 2025ஆம் ஆண்டு ஜூன் 6இல் நோவா-18உம், ஓகஸ்ட் 13இல் நோவா-19உம், ஓகஸ்ட் 19இல் நோவா-15உம் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. 1963இல் தொடங்கிய அந்த எளிய படப் பரப்பலை அமெரிக்காவின் துருவச் செய்மதிகள் அத்துடன் நிறுத்திக்கொண்டன.

மோதலைத் தவிர்க்கும் உபாயங்கள்

கூடுதல் தெளிவுள்ள படங்கள் 1700 மெகாஹேர்ட்ஸை அண்டிய பகுதியில் அனுப்பப்பட்டன. நோவா செய்மதிகளில் இதற்கென 1698, 1702.5, 1707 என மூன்று அலைவரிசைகள் இருந்தன. அவற்றுள் நடுவிலுள்ளது ஏனைய இரண்டுக்கும் எதிர்ப்புறமாகச் சுழலும் அலையாக அனுப்பப்பட்டது. வலஞ்சுழி அலைக்கென அமைக்கப்பட்ட அன்ரெனாவில் இடஞ்சுழி அலை மிக மங்கலாகவே கேட்கும். அயலிலுள்ள இரண்டு குரல்களைப் பிரித்தறிய இதுவும் ஓர் உபாயம்.

ஐரோப்பாவின் மெற்றொப் செய்மதிகள் 1701.3 மெகாஹேர்ட்ஸைப் பெற்றன. 2006, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் ஏவப்பட்ட மூன்றும் ஒரே சுற்றுப்பாதைத் தளத்தில் இயங்குமாறு திட்டமிடப்பட்டவை. ஒரே பாதையில் ஒரே அலைவரிசையுடன் செல்பவை மோதாதிருக்க, அவற்றிடையே போதிய இடைவெளி இருக்கவேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் புதிய தலைமுறைச் செய்மதிகளாகும். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி., 2017இல் ஏவப்பட்ட நோவா-20 ஆகிய இரண்டும் தரை நிலையங்களுக்கு நேரடியாகத் தரவுகளை அனுப்பியது 7812 மெகாஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையிலேயே. ஆனால் நோவா-20 அதே தளத்தில் அரைச்சுற்றுத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 50 நிமிட இடைவெளியில் நிறுத்தப்பட்டது. ஒன்று தொடுவானத்தில் மறைந்து நெடுநேரத்தின் பின்னரே மற்றது தோன்றும். வேறு வாய்க்கால் வெட்டாமல், நேரத்தை மட்டும் பிரித்துக்கொண்ட ஏற்பாடு இது.

வேறு அலைவரிசை, வேறு நேரம், வேறு திசை, வேறு சுழற்சி, இவை எதுவும் கைகொடாதபோது மௌனம் ஆகிய ஐந்தும் இத்துறையினரின் உபாயங்கள். இவற்றை ஒரு நாடு தனித்து நிறைவேற்ற முடியாது. ஒவ்வொரு தரப்பும் தன் செய்மதிகளின் பாதையையும் அலைவரிசையையும் மற்றவர்களுக்கு ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கவேண்டும்.

பனிப்போரின் நடுவே ஒரு மேசை

இந்தத் தேவையை உணர்ந்தே 1972 செப்டெம்பரில் ஐரோப்பா, யப்பான், ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றின் பிரதிநிதிகள் வொஷிங்டனில் கூடினர். வளிமண்டலவியல் செய்மதிகளுக்கான ஒருங்கிணைப்புக் குழு அவ்வாறு உதயமானது. எழுபதுகளிலேயே சோவியத் ஒன்றியம் அதில் இணைந்துகொண்டது; பின்னர் இந்தியாவும் சீனாவும் வந்தன. அணுவாயுதங்களை ஒருவரை நோக்கி ஒருவர் குறிவைத்திருந்த காலத்தில், அதே நாடுகளின் வானிலை அதிகாரிகள் ஒரு மேசையில் அமர்ந்து எந்த அலைவரிசை யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்பதனால் அல்ல. புயல் எல்லைக் கோட்டைப் பார்த்து வருவதில்லை. மற்றவரின் தரவு கெட்டால் தன் எதிர்வுகூறலும் கெடும் என்பதனை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர். பரஸ்பர நட்டம் குறித்த அந்த அறிவே அவர்களை இணங்கவைத்தது.

அக்குழு வகுத்த ஏற்பாடுகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. கடலில் மிதக்கும் மிதவைகள், ஆற்று நீர்மட்டத்தை அளக்கும் கருவிகள், தொலைதூர மழைமானிகள் என்பன தம் அளவீடுகளை 401 முதல் 403 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் செய்மதிக்கு அனுப்புகின்றன. இக்கருவிகளின் குரல் மிகச் சிறியது. ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொரு செய்மதியின் பிரதேசத்துக்குச் செல்லும் கப்பலின் கருவி அலைவரிசையை மாற்றாமலே தொடர்ந்து பேசுவதற்கென, 3 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள 33 சர்வதேச வழிகள் ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு கருவிக்கும் அது பேசவேண்டிய நிமிடமும் குறித்துக் கொடுக்கப்படுகின்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறைமை எதுவும் இருக்கவில்லை. அதன் பின்னர் இச்சமுத்திரத்தின் கரைகளில் அமைக்கப்பட்ட கடல்மட்ட நிலையங்களும் ஆழ்கடல் மிதவைகளும் தம் அளவீடுகளைச் செய்மதி ஊடாகவே அனுப்புகின்றன. அண்மைக் காலமாகப் பெருகிவரும் சின்னஞ்சிறு செய்மதிகளைக் கட்டுப்படுத்தும் வலுவான கட்டளை அலைகளால் இந்த மெல்லிய குரல்கள் அமிழ்ந்துவிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. 2019ஆம் ஆண்டு எகிப்தின் ஷார்ம் எல்-ஷெய்க் நகரில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, இப்பகுதியில் தரையிலிருந்து செலுத்தும் அலையின் வலுவுக்கு உச்சவரம்பு விதித்தது அதனாலேயே.

குரலற்ற அலைவரிசைகள்

இதுவரை கூறியவை ஒரே குடும்பத்துக்குள் நிகழும் பங்கீடு. இன்று எழுந்துள்ள நெருக்கடி வெளியிலிருந்து வருவது. அதனை விளங்கிக்கொள்ள வானிலைச் செய்மதியின் மற்றொரு தொழிலைப் பற்றியும் அறியவேண்டும்.

செய்மதி பேசுவது மட்டுமன்றிக் கேட்கவும் செய்கின்றது. வளிமண்டலத்திலுள்ள நீராவியும் ஒட்சிசனும் இயல்பாகவே மிக மெல்லிய நுண்ணலைகளை வெளிவிடுகின்றன. 23.8 கிகாஹேர்ட்ஸ் அருகே நீராவியின் அளவையும், 50 முதல் 60 கிகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் ஒட்சிசனின் மூலம் வெப்பநிலையையும் செய்மதியின் உணரிகள் அறிகின்றன. மேகத்தினூடாகவும் இரவிலும் இவ்வளவீடு சாத்தியமாகும். இன்றைய எதிர்வுகூறல் கணிப்புகளுக்கு இவை இன்றியமையாதவை. நீராவி எந்த அலைவரிசையில் பேசவேண்டும் என்பதனை இயற்கையே விதித்துவிட்டது. அதனை ஓரத்துக்கு ஒதுங்குமாறு எந்த மாநாடும் கட்டளையிட முடியாது. அதனாலேயே 23.6 முதல் 24 கிகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் எவரும் எவ்வித அலையும் பரப்பலாகாது என்று சர்வதேச விதிகள் தடை விதித்துள்ளன.

ஆனால் ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி 24.25 கிகாஹேர்ட்ஸில் தொடங்குகின்றது. வேலிக்கு அப்பால் நின்று பேசினாலும் சத்தம் இப்பால் கசியும். கசிவையும் நீராவியின் இயல்பான அலையையும் பிரித்தறியச் செய்மதியால் இயலாது. படம் சிதைந்தால் கண்டுகொள்ளலாம். இங்கோ, அளவீடு பிழையென்று அறியாமலே கணிப்புக்குள் புகுந்துவிடும் என்பதே பேராபத்து. ஐக்கிய அமெரிக்கா 2019இல் இப்பகுதியை ஏலமிட்டு ஏறத்தாழ 200 கோடி டொலர் ஈட்டியது. அதே ஆண்டு மே மாதம் நோவாவின் பதில் தலைவராயிருந்த நீல் ஜேக்கப்ஸ், இக்கசிவு எதிர்வுகூறலின் துல்லியத்தை 30 சதவீதம் வரை குறைத்து, 1980ஆம் ஆண்டளவில் இருந்த நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் உபகுழு முன்னிலையில் கூறினார். கைத்தொலைபேசித் துறையினர் இக்கணிப்பை மறுத்தனர்.

ஷார்ம் எல்-ஷெய்க் மாநாட்டில் இது பெரும் விவாதமாயிற்று. 200 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் அனுமதிக்கப்படும் கசிவு எவ்வளவு என்பதே கேள்வி. ஐரோப்பா மறை 42 டெசிபெல் வோட் என்ற கண்டிப்பான எல்லையையும், ஐக்கிய அமெரிக்கா மறை 20 என்ற தளர்வான எல்லையையும் முன்வைத்தன. பத்து டெசிபெல் என்பது பத்து மடங்கு. ஆகவே இரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் நூற்றைம்பது மடங்குக்கும் அதிகம். இறுதியில் தொலைபேசித் தள நிலையங்களுக்கு மறை 33 என்றும், 2027 செப்டெம்பர் 1ஆம் திகதிக்குப் பின்னர் சேவைக்கு வருபவற்றுக்கு மறை 39 என்றும் இணக்கம் காணப்பட்டது. இது போதாது என உலக வளிமண்டலவியல் அமைப்பு கவலை வெளியிட்டது.

நமது வாக்கு

அடுத்த உலக வானொலித் தொடர்பு மாநாடு 2027ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 முதல் நவம்பர் 12 வரை சீனாவின் ஷங்ஹாய் நகரில் நடைபெறவுள்ளது. 76 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியிலுள்ள கேட்கும் உணரிகளைப் பாதுகாப்பது, கடல் மேற்பரப்பின் வெப்பநிலையை அளப்பதற்குப் புதிய இடம் ஒதுக்குவது என்பன அதன் நிகழ்ச்சி நிரலில் உள்ளன. சூறாவளிகள் பலம் பெறுவது கடலின் வெப்பத்திலிருந்தே என்பதால், பின்னையது வங்காள விரிகுடாவை அண்டி வாழ்வோருக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

கைத்தொலைபேசியும் மக்களுக்குத் தேவையானதே. தூரதேசத்தில் உழைக்கும் பிள்ளையின் முகத்தை நாளாந்தம் காட்டுவதும், சூறாவளி எச்சரிக்கையைக் கடைசி மனிதன்வரை கொண்டுசெல்வதும் அதுவே. ஆகவே ஒன்றை வாழவைக்க மற்றதை அழிக்கவேண்டும் என்பது வாதமல்ல. ஆனால் தொலைபேசிச் சேவைக்கு வேறு அலைவரிசைகள் உண்டு. நீராவிக்கு வேறு அலைவரிசை இல்லை. ஒருவருடைய வயலுக்கு வேறு வாய்க்காலும் இருக்க, மற்றவருக்கு ஒரு வாய்க்காலே இருக்குமானால், முறை வைப்பவர் முதலில் யாரை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதனை விவசாயிக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வொன்றியத்தில் அங்கத்துவ நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. செய்மதிகள் பல உள்ள வல்லரசுக்கும் செய்மதியே இல்லாத சிறு நாட்டுக்கும் அது சமமே. ஏலத்தில் கிடைக்கும் வருமானத்தை எண்ணிக் கணக்கிடுவது எளிது. தவறிப்போன ஓர் எச்சரிக்கையின் விலையை எண்ணுவது கடினம். எனவே ஷங்ஹாய் செல்லும் நம் பிரதிநிதிகளின் கையேட்டில், அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கருத்து மட்டுமன்றி, வளிமண்டலவியல் திணைக்களத்தினதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தினதும் கருத்துகளும் இடம்பெறுதல் அவசியமாகும். பனிப்போரின் நடுவேயும் வானிலை அதிகாரிகள் ஒரு மேசையில் அமர்ந்தனர். ஒரே நகரத்திலுள்ள மூன்று அலுவலகங்கள் அவ்வாறு அமர்வது அதைவிடக் கடினமானதாக இருக்கமுடியாது.